36 மணி நேரம் தண்ணீர் இல்லாமல் மேடை ஏறலாமா?

உங்கள் கேள்வியை முதலில் நான் புரிந்துகொண்டபடி சொல்லிவிடுகிறேன். இன்னும் 9 நாளில் மாவட்ட ஆணழகன் போட்டி. உங்களுக்கு முதல் மேடை, 70 கிலோ பிரிவு, இன்று காலை எடை 71.6. கடைசி வாரம் தினமும் 10 லிட்டர் தண்ணீர் குடி, உப்பை அறவே விடு, கடைசி 36 மணி நேரம் ஒரு சொட்டும் குடிக்காதே என்கிறார் உங்கள் ஜிம் மாஸ்டர். கூட மேடை ஏறப்போகும் அண்ணன் ஒருவர், "லாசிக்ஸ் பாதி போட்டுக்கோ, தோல் பேப்பர் மாதிரி ஒட்டிடும்" என்று சிறுநீரைப் பெருக்கும் மாத்திரையைச் சொல்கிறார். இதையெல்லாம் செய்யலாமா என்று கேட்கிறீர்கள். இதில் இரண்டு கேள்விகள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. தராசில் 70க்குள் வருவது ஒன்று. மேடையில் தசை வெட்டு வெட்டாகத் தெரிவது இன்னொன்று. தண்ணீரை நிறுத்தினால் தராசு முள் இறங்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் தசை தெரிவதற்கு அது உதவுவதைவிடக் கெடுப்பதையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

நான் உணவியல் படித்தவன். 14 வருடமாகப் போட்டிக்குப் போகும் பையன்களுக்குச் சாப்பாடு எழுதிக் கொடுக்கிறேன். அதற்கு முன் 65 கிலோ பிரிவில் நானே நாலு தடவை மேடை ஏறியிருக்கிறேன். டாக்டர் இல்லை. அதனால் மாத்திரை பற்றிச் சொல்லும்போது அது என்ன செய்யும் என்பதோடு நிறுத்திக்கொள்வேன். உங்கள் ரத்த அழுத்தம், கிட்னி, இதயம் எந்த நிலையில் இருக்கின்றன என்பது இங்கிருந்து எனக்குத் தெரியாது. அதைப் பார்க்க வேண்டியவர் டாக்டர்.

முதலில் சந்தேகமே இல்லாத விஷயம். உங்கள் எடையில் உள்ள ஒருவர் உடம்பில் ஏறக்குறைய 42 லிட்டர் தண்ணீர் இருக்கும். அதில் மூன்றில் இரண்டு பங்கு செல்களுக்குள்ளே, அதிலும் பெரும்பகுதி தசைக்குள்ளே. மீதி வெளியே: ரத்தத்தின் பிளாஸ்மாவில் 3 லிட்டர் போல, மற்றது செல்களுக்கு இடையில். தசையை எடுத்துக்கொண்டால் அதில் முக்கால் பங்கு தண்ணீர்தான். தோலுக்கடியில் உள்ள தண்ணீரை மட்டும் திறந்துவிட்டு, தசைக்குள் இருப்பதை அப்படியே பூட்டி வைக்க உடம்பில் குழாய் எதுவும் கிடையாது. குடிப்பதை நிறுத்தினால் ரத்தத்தில் சோடியத்தின் செறிவு ஏறும், அது செல்களுக்குள் இருக்கும் தண்ணீரை வெளியே இழுக்கும். தசையும் சேர்ந்துதான் வற்றும். ஜிம்மில் "இன்னும் வாட்டர் நிக்குதுடா" என்பார்களே, அதில் பாதிக்கு மேல் தண்ணீரே இல்லை. வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். முன்னங்கால் எலும்பின் மேல் கட்டைவிரலை 10 விநாடி அழுத்திவிட்டு எடுங்கள். குழி விழுந்து அப்படியே நின்றால் அது நீர். அப்புறம் இடுப்புக்கு மேலே முதுகுப் பக்கம் கிள்ளிப் பாருங்கள். விரலுக்கிடையில் தடிப்பாக வருகிறதே, அது கொழுப்பு. 36 மணி நேரம் என்ன, 72 மணி நேரம் தாகத்தோடு கிடந்தாலும் அது கரையாது.

இப்போது 10 லிட்டர் கணக்குக்கு வருவோம். உங்கள் மாஸ்டர் இதை வெறும் காற்றில் பிடித்துச் சொல்லவில்லை. நிறையக் குடிக்கும்போது சிறுநீரைக் கட்டுப்படுத்தும் ஹார்மோன் குறைந்துவிடும், சிறுநீர் தாராளமாகப் போகும். திடீரென்று குடிப்பதை நிறுத்தினாலும் உடம்பு அதைச் சுதாரிக்கச் சில மணி நேரம் ஆகும். அந்த இடைவெளியில் கூடுதலாகத் தண்ணீர் வெளியேறும் என்பதுதான் உத்தி. சண்டை விளையாட்டு வீரர்களிடம் இதைச் சோதித்த ஆய்வு ஒன்று 2018இல் வந்தது. ஒரு குழு மூன்று நாள் ஒரு கிலோ எடைக்கு 100 மில்லி வீதம் குடித்தது, இன்னொரு குழு 40 மில்லி. நாலாவது நாள் இரண்டு குழுவுக்கும் 15 மில்லிதான். நிறையக் குடித்தவர்களுக்கு எடை கொஞ்சம் கூடுதலாகத்தான் குறைந்தது. ஆனால் அந்தக் கூடுதல், உடல் எடையில் ஒரு சதவீதத்துக்கும் கீழே. உங்கள் எடைக்கு அரை கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் அளந்தது தராசில், கண்ணாடியில் இல்லை. எடை பார்த்த பிறகு குடித்துச் சாப்பிட்டுத் தேறிக்கொள்ளலாம் என்பதால் மல்யுத்தக்காரருக்கும் குத்துச்சண்டைக்காரருக்கும் அது பயன்படும். நீங்கள் அதே வற்றிய உடம்போடு விளக்கு வெளிச்சத்தில் நிற்க வேண்டியவர்.

இதில் நான் நேரடியாக ஆபத்து என்று சொல்வது, 10 லிட்டரையும் உப்பில்லாமையையும் ஒரே வாரத்தில் சேர்ப்பதை. நல்ல கிட்னி மணிக்கு ஒரு லிட்டருக்குள்தான் தண்ணீரை வெளியேற்றும். அதுவும் வெளியேற்ற உப்பும் புரதக் கழிவும் போதுமான அளவு இருந்தால்தான். மாலையில் ஜிம்முக்கு வந்தபிறகு, "இன்னும் நாலு லிட்டர் பாக்கி" என்று இரண்டு மணி நேரத்தில் குடித்து முடிக்கும் பையன்களைப் பார்த்திருக்கிறேன். ரத்தத்தில் சோடியம் லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் வரை இருக்க வேண்டும். அது சடசடவென்று இறங்கினால் தலைவலி, வாந்தி, குழப்பம் என்று ஆரம்பித்து வலிப்பு வரை போகும். தண்ணீர்தானே, என்ன செய்துவிடும் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

உப்பு விஷயத்தில் எனக்கு இன்னும் கோபம் உண்டு. உப்பை விட்டால் தோல் ஒட்டும் என்பது தலைமுறை தலைமுறையாக வரும் ஜிம் வாக்கு. நடப்பது என்ன? சோடியம் வராததைப் பார்த்ததும் உடம்பு ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனைக் கூட்டும். சில நாளில் சிறுநீரில் சோடியம் போவதே அநேகமாக நின்றுவிடும், பதிலுக்குப் பொட்டாசியம் போகும். ரத்தத்தின் அளவு குறையும். பம்ப் என்று நீங்கள் சொல்வது தசைக்குள் ரத்தம் நிறைவதுதான். ரத்த அளவே குறைந்தால் எங்கிருந்து பம்ப் வரும், நரம்பு எங்கே புடைக்கும்? போதாதற்கு, சாப்பிட்ட சோறு குளுக்கோஸாகிக் குடலிலிருந்து உள்ளே போகவே சோடியம் கூட வர வேண்டும். நம் ஊர் வெயிலில் கார்டியோ முடித்துப் பனியனைப் பிழிந்தால் வேர்வை ஒழுகும். ஒரு லிட்டர் வேர்வையில் ஏறக்குறைய ஒரு கிராம் சோடியம் போகிறது, ஆளுக்கு ஆள் கூடலாம் குறையலாம். அந்த உடம்புக்கு ரசத்தில் போடுகிற உப்பையும் பிடுங்குவது நியாயமா?

இதை நான் பட்டே தெரிந்துகொண்டேன். எனது மூன்றாவது போட்டி, ஒரு கல்யாண மண்டபத்தில். ஐந்து நாள் உப்பில்லாத கோழியும் வெள்ளைச் சோறும், கடைசி 30 மணி நேரம் தண்ணீரும் இல்லை. உதடு வெடித்து, நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. மேடைக்குப் பின்னால் ரப்பர் பேண்டை இழுத்து இழுத்துப் பார்க்கிறேன், கையில் ஏறவே இல்லை. காற்றுப் போன பலூன் மாதிரி இருந்தது. சைடு டிரைசெப்ஸ் போஸில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. சிரித்துக்கொண்டே நிற்க வேண்டும், கண்ணில் தண்ணீர் வருகிறது. சரி, கண்ணிலாவது கொஞ்சம் மிச்சம் இருந்திருக்கிறது. ஐந்தாம் இடம். அன்று இரவு நண்பன் வாங்கி வந்த புரோட்டாவும் சால்னாவும், தொடர்ந்து நாலைந்து டம்ளர் தண்ணீரும். மறுநாள் காலை ஏழு மணிக்கு லாட்ஜ் குளியலறைக் கண்ணாடியில் பார்த்தால் தோளும் தொடையும் நிறைந்து, நரம்பு ஓடி, நேற்று மேடையில் இல்லாத எல்லாமும் இருந்தன. போட்டி போடுகிறவர்களில் பாதிப் பேரிடம் இந்தக் கதை இருக்கும். உப்பும் தண்ணீரும் சோறும் தசைக்குள் போனதால் வந்த அழகு அது. அன்று சாயங்காலமே கணுக்கால் வீங்கி ஷூ ஏறவில்லை. ஐந்து நாள் உப்பைக் காணாத உடம்பு, கிடைத்ததையெல்லாம் பிடித்து வைத்துக்கொண்டது.

இனி சந்தேகமான பகுதி. கடைசி நாட்களில் கார்போ, அதாவது சோறு மாதிரி மாவுச்சத்து, ஏற்றினால் தசை நிறையுமா? நிறையும் என்பதற்கு அடிப்படை வலுவாக இருக்கிறது. மாவுச்சத்தைத் தசை சேமித்து வைக்கும் வடிவம் கிளைக்கோஜன். தசையில் அது ஒரு கிராம் சேர்ந்தால் கூடவே சுமார் 3 கிராம் தண்ணீரும் சேரும். 400 கிராம் ஏற்றினால் ஒரு லிட்டருக்கு மேல் தண்ணீர் தசைக்குள் போக வேண்டும். பாடிபில்டர்களிடமே தசை அளவு சற்றுக் கூடியதை அளந்து காட்டிய ஆய்வும் உண்டு, அதிலேயே சிலருக்கு வயிற்றுக் கோளாறும் வந்தது. அந்த நேரத்தில் குடிக்கும் தண்ணீரைக் குறைத்தால், தோலுக்கடியில் இருப்பதைத் தசை உறிஞ்சிக்கொள்ளும் என்று சில நல்ல கோச்சுகள் வாதாடுகிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நிரூபணம் மெலிந்தது. கொஞ்சம் குறைத்துப் பார்த்து நன்றாக வந்தவர்களையும் நான் பார்த்திருக்கிறேன், அவர்கள் எல்லோரும் ஏற்கெனவே கொழுப்பே இல்லாமல் வந்தவர்கள். என்ன செய்திருந்தாலும் நன்றாகத்தான் இருந்திருப்பார்கள் என்பது என் எண்ணம். இது அபிப்பிராயம்தான், அளந்து பார்த்ததில்லை.

மாத்திரையில் எனக்கு அபிப்பிராய பேதமே இல்லை: வேண்டாம். லாசிக்ஸ் இதயம், கிட்னி நோயாளிகளுக்கு வீக்கம் குறைக்க டாக்டர் எழுதும் மருந்து. ஒரு மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்கி ஆறு மணி நேரம் போல நிற்கும். அது தண்ணீரோடு சோடியம், பொட்டாசியம், மெக்னீசியம் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போகும். பொட்டாசியம் லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை என்ற குறுகிய வரப்புக்குள் இருந்தால்தான் இதயம் ஒழுங்காகத் துடிக்கும். கொழுப்பு கரைக்க என்று கிளென்பியூட்டரால் போடும் பையன்களுக்கு அது ஏற்கெனவே ரத்தத்தில் பொட்டாசியத்தை இறக்கியிருக்கும். அதன் மேல் லாசிக்ஸ் விழுந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. "நான் லாசிக்ஸ் இல்லை, ஆல்டாக்டோன்தான்" என்று ஒருவர் பெருமையாகச் சொன்னார். அது பொட்டாசியத்தைப் பிடித்து வைக்கும் ரகம். அதைப் போட்டுக்கொண்டு, பிடிப்பு வராமலிருக்க வாழைப்பழமும் இளநீரும் பொட்டாசியம் மாத்திரையும் சேர்த்தால் ஆபத்து எதிர்த்திசையிலிருந்து வரும். ஒரு பெரிய டம்ளர் இளநீரில் மட்டுமே அரை கிராமுக்கு மேல் பொட்டாசியம் இருக்கிறது. சாதாரண நாளில் அது நல்ல பானம். அந்த நாளில் அந்த உடம்புக்கு அப்படி இல்லை. இன்னொன்று, தண்ணீர் வற்றிய நேரத்தில் மூட்டுவலிக்கு என்று டைக்ளோபினாக் போடாதீர்கள், கிட்னிக்கு அது இரட்டை அடி.

உலகத் தரமான கோச்சுகளை வைத்திருந்த பாடிபில்டர்களுக்கே இந்தக் கணக்கு தப்பியது. அல்ஜீரியாவில் பிறந்த முகமது பெனஸிஸா 1992 அக்டோபரில் நெதர்லாந்தில் ஒரு புரோ போட்டியை வென்ற சில மணி நேரத்தில் இறந்தார். நீர் வற்றலும் டையூரெட்டிக்கும் (லாசிக்ஸ் போலச் சிறுநீரைப் பெருக்கும் மருந்து) காரணம் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. 1994 அர்னால்ட் கிளாசிக் போட்டியில் பால் டில்லட் போஸ் கொடுத்தபடியே உறைந்து நின்றுவிட்டார், மேடையிலிருந்து தூக்கிக்கொண்டு போனார்கள். ஆஸ்திரியாவின் ஆண்ட்ரியாஸ் மூன்ஸர், தோல் காகிதம் போல ஒட்டியிருந்ததற்கே பெயர் பெற்றவர், 1996 மார்ச்சில் மியூனிக்கில் 31 வயதில் உறுப்புகள் ஒவ்வொன்றாகச் செயலிழந்து இறந்தார். அவர் உடம்பில் ஸ்டெராய்டு உள்பட எத்தனையோ மருந்துகள் இருந்தன, டையூரெட்டிக் ஒன்றின் மேல் மட்டும் பழி போட முடியாது. எடைக்காக வற்றுவதும் சாதாரணமில்லை. 1997இன் கடைசி வாரங்களில் அமெரிக்காவில் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் எடை இறக்கும்போது இறந்தார்கள், அதன் பிறகுதான் அங்கே விதிகளையே மாற்றினார்கள்.

நம் ஊர்ப் போட்டிக்கென்றே ஒரு தனிச் சிக்கல் உண்டு, வெளிநாட்டு வீடியோக்களில் யாரும் இதைச் சொல்ல மாட்டார்கள். நோட்டீஸில் மாலை 4 மணி என்று போட்டிருக்கும். சிறப்பு விருந்தினர் வர 6 ஆகும், பொன்னாடை போர்த்தி முடிக்க 7. அப்புறம் 55 கிலோவில் ஆரம்பித்து உங்கள் 70க்கு வரும்போது ராத்திரி 10. மாஸ்டர் எழுதிக் கொடுத்த 36 மணி நேரம், நீங்கள் மேடை ஏறும்போது 42 ஆகியிருக்கும். அதுவும் ஃபேன் இல்லாத அறையில், உடம்பு முழுக்க டேன் என்ற கருநிறப் பூச்சைப் பூசிக்கொண்டு, ஐம்பது பேரோடு வேர்த்துக்கொண்டு. இந்த ஒரு காரணத்துக்காகவே மணிக்கணக்கு வைத்துத் தண்ணீரை நிறுத்தும் எந்தத் திட்டத்தையும் நான் யாருக்கும் எழுதித் தருவதில்லை.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? இப்போது ஒரு நாளைக்கு எவ்வளவு குடிக்கிறீர்களோ, நாலு லிட்டரோ ஐந்தோ, அதையே போட்டிக்கு முந்தைய இரவு வரை குடியுங்கள். உப்பும் எப்போதும் போல. ஊறுகாய், அப்பளம், சிப்ஸ் என்று புதிதாகக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். கடைசி இரண்டு நாள் சோறு கொஞ்சம் கூடட்டும். ஆனால் அதை இந்த ஞாயிற்றுக்கிழமையே ஒருமுறை ஒத்திகை பார்த்து, மறுநாள் காலை அதே வெளிச்சத்தில் போட்டோ எடுத்து ஒப்பிடுங்கள். வயிறு உப்புகிறது என்றால் அளவு அதிகம். போட்டி அன்று ஒவ்வொரு சாப்பாட்டோடும் ஒரு டம்ளர், நடுவில் தாகத்துக்கு இரண்டு மடக்கு. வயிறு முட்டக் குடிக்காமல் இருந்தால் போதும், அதுவும் இடுப்பு துருத்தாமல் இருப்பதற்காகத்தான். மேடைக்கு அரை மணி முன் உப்புத் தூவிய சாதம் இரண்டு பிடியோ, தேன் தடவிய ரொட்டியோ சாப்பிட்டு, கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு ரப்பர் பேண்டை எடுங்கள். கை நிறைவதைப் பார்ப்பீர்கள்.

எடை 1.6 கிலோதான் கூடுதல். அதற்குத் தண்ணீரைத் தொடவே தேவையில்லை. கடைசி இரண்டு மூன்று நாள் கீரை, காய், பயறு, கோதுமைத் தவிட்டைக் குறைத்து வெள்ளைச் சோறு, முட்டை வெள்ளை, கோழி என்று போனால் குடலில் தங்கும் சுமை குறையும், அதிலேயே அரை முதல் ஒரு கிலோ போகலாம். எடை பார்த்த பிறகு சோற்றைக் கூட்டிக்கொள்ளுங்கள். எடை எப்போது பார்க்கிறார்கள், முந்தின நாள் மாலையா அன்று காலையா என்று அமைப்பாளர்களிடம் இன்றே கேட்டுவிடுங்கள், எல்லாத் திட்டமும் அதைப் பொறுத்ததுதான். அப்படியும் 70க்கு மேல் நின்றால் 75இல் நில்லுங்கள். முதல் மேடைக்கு அதில் ஒரு குறையும் இல்லை, 71 கிலோவில் நன்றாக வெட்டுத் தெரிகிறவன் 75 கிலோ மந்தமான உடம்பைத் தோற்கடிப்பது மாவட்ட அளவில் சர்வ சாதாரணம்.

மாஸ்டரோடு சண்டை போட வேண்டாம், அவர் காலத்தில் எல்லோரும் இப்படித்தான் செய்தார்கள். "மாஸ்டர், எனக்குத் தண்ணீரை விட்டா கால் பிடிக்குது, இந்தத் தடவை நார்மலா போறேன்" என்று சொல்லிப் பாருங்கள். ஏற்கெனவே வேறு யாராவது மாத்திரை போட்டுவிட்டு, எழுந்து நின்றால் கண் இருட்டுகிறது, நெஞ்சு தாறுமாறாகத் துடிக்கிறது, பேச்சு குழறுகிறது, எட்டு மணி நேரமாகச் சிறுநீரே வரவில்லை என்றால் இளநீர் கொடுத்துப் படுக்க வைக்காதீர்கள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் என்ன மாத்திரை, எத்தனை மணிக்கு என்று மறைக்காமல் சொல்லுங்கள். ஒரு ஈசிஜியும் சோடியம், பொட்டாசியம் சோதனையும் எடுத்தால் அவர்களுக்கு உடனே தெரிந்துவிடும். உங்களுக்கு பிபி, சர்க்கரை, கிட்னி என்று ஏதாவது இருந்தாலோ, வேறு ஊசி மருந்து எடுப்பவராக இருந்தாலோ நான் மேலே சொன்ன சாப்பாட்டு அளவுகூட உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம், முதலில் டாக்டரைப் பாருங்கள். மற்றபடி எடை பார்க்கும் நேரம் தெரிந்ததும் எழுதுங்கள் தம்பி, அதற்கேற்ப அந்தக் கடைசி இரண்டு நாள் சோற்றுக் கணக்கைப் போட்டுத் தருகிறேன்.